மண்ணைத் தொட்டபின் காட்டும் விரல்

ஏனுங்ணா, ஒரு நிமிசம். இந்தப் பாட்டு முடியட்டும், அப்பறம் பேசலாம். டிரைவரண்ணன் சத்தத்தை எச்சா வெச்சிருக்கார், வெக்கட்டும், நல்லதுதான். இப்ப ஒரு எடம் வரும் பாருங்க. இதா. "மண்ணைத் தொடும்முன்னே காட்டுவதெல்லாம் பொய்யடி." கேட்டீங்களா? "மண்ணைத் தொட்டபின்னே காட்டும் விரலே மெய்யடி. ஒன்றென்றால் நேரே வா, இரண்டென்றால் வளைந்து வா, மூன்றென்றால் மெல்ல வா." கேக்காம இருந்திருக்க மாட்டீங்க. போன வருசம் முச்சூடும் கல்யாண மண்டபம், காலேஜ் விழா, பேக்கரி, எங்க பாத்தாலும் இதுதானே. உங்க வீட்டு வாண்டுகளும் தரையைத் தொட்டு விரலை ஆட்டி ஆடியிருக்குமே?

இது என் பாட்டுங்க.

அட, நிசமாத்தாங்க. ஏன் அப்படிப் பாக்கறீங்க? "மூர்"னு போட்டிருக்குமே, அது நான்தான். சொந்தப் பேரு சிவமூர்த்தி. சிவமூர்த்தின்னு போட்டா ஏதோ தேவாரம்னு தாண்டிப் போயிருவாங்க, அதனால முன்னாலயும் பின்னாலயும் வெட்டிட்டேன். சினிமாப் பாட்டு இல்லைங்க இது. தனிப் பாட்டு, இண்டின்னு சொல்லுவாங்க. எழுதுனது, மெட்டுப் போட்டது, பாடுனது, மாடி ரூம்ல மெத்தையைச் சுவத்துல சாத்தி வெச்சு ரெக்கார்ட் பண்ணுனது எல்லாம் ஒரே ஆளு. நானு.

தாராபுரத்துக்குத்தானே போறீங்க? நானும் அங்கதான். அப்ப சொல்றேன் கேளுங்க. பாட்டை ஊரே கேக்குது. அதை எழுதுனவன் எத்தனை வெசனப்பட்டான்னு ஒருத்தராவது கேட்டாங்களா?

அந்தப் புள்ள பேரு கோகிலவாணி. பேருதான் கோகிலவாணி, பாட்டுன்னா காத தூரம். என் கிளாஸ்தான், பி.காம். அவ ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சேந்தவ. என்ன ஆட்டம்னு நினைக்கறீங்க? கபடியா? அதுதான் இல்லை. பேஸ்பால்.

சிரிக்காதீங்க. நானும் மொதல்ல சிரிச்சேன். கிரிக்கெட்டுக்குச் சித்தப்பா பையன்னு வெச்சுக்கங்களேன். பந்து கீழ குத்தாம நேரா வரும். அடிச்சவங்க மூணு மூலையைச் சுத்தி ஓடி, கிளம்புன எடத்துக்கே வந்து சேரோணும். அந்த எடத்துக்குப் பேரு ஹோம். வீடு! எத்தனை அழகு பாருங்க. இந்த ஆட்டத்தை ஆடற இத்தனை பேருல ஒருத்தருக்காவது இதைப் பாட்டுல வெக்கோணும்னு தோணுச்சா? எனக்குத் தோணுச்சு. "மூலை மூன்றும் சுற்றி வந்தேன், நீதானே என் வீட்டு வாசல்." ரெண்டாவது சரணத்துல வரும்.

அவ பிச்சர். பந்து எறியறவ. ஒல்லியா, கறுப்பா, முடியை இழுத்துக் கட்டித் தொப்பிக்குள்ள சொருகிட்டு வந்து நிப்பா. கையை ஓங்கறது தெரியும், அப்பறம் அந்தப் பக்கம் தோலுறையில பந்து விழுந்து பட்டுனு சத்தம் கேக்கும். நடுவுல ஒண்ணும் தெரியாது. நான் பாத்த அன்னிக்கே விழுந்துட்டேன். அவளும் ஒண்ணும் கல்லில்லை. ஆறு மாசம் பின்னாடியே சுத்துனேன், ஒத்துக்கிட்டா.

அவ வீட்டு நெலமையையும் சொல்லிப்போடறேன். அப்பா இல்லை. அம்மா ஸ்பின்னிங் மில்லுல. பஞ்சு தூசி, எந்நேரமும் இருமல். அவங்க கோச் ருக்குமணி மேடம் அடிச்சுச் சொல்லியிருந்தாங்க, "நீ மாநில அணியில நுழைஞ்சு நேசனல் ஆடிட்டியானா கோட்டாவுல உனக்கு ஒரு அரசாங்க வேலை இருக்குது கண்ணு, இல்லாட்டி உங்கம்மா நிக்கற மெசின்ல நீயும் போய் நிக்க வேண்டியதுதான்"னு. அவளுக்கு அது ஒண்ணுதான் நெனைப்பு. சினிமாவுக்குக் கூப்புட்டா பிராக்டீஸ். பிறந்தநாளைக்குக் கூப்புட்டா பிராக்டீஸ். எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க? கடைசி வருசம் வேற. "மாவட்டங்களுக்கு நடுவுல நடக்கற இந்தப் போட்டியில நல்லா ஆடுனாத்தான் மூர்த்தி, அடுத்த வருசம் நான் எந்த டீம்லயும் இல்லை"ன்னு இதே பேச்சு.

இப்ப அந்த விரல் விசயத்துக்கு வர்றேன். அதுதானுங்க எல்லாத்துக்கும் மூலம்.

அடிக்கிறவளுக்குப் பின்னால ஒருத்தி முகத்துக்குக் கூண்டு மாட்டிக்கிட்டுக் குத்த வெச்சு உக்காந்திருப்பா. கேட்சர். அவ பேரு டயானா, இவளுக்கு உசுருத் தோழி. அடுத்த பந்து எப்படி வரோணும்னு அவதான் தொடை நடுவுல விரலைக் காட்டிச் சொல்லுவா. அடிக்கிறவளுக்கு அது தெரியாது, முதுகுப் பக்கமில்ல? ஆனா எதிர் டீம்காரி ஒருத்தி ஓடி வந்து ரெண்டாவது மூலையில நின்னுட்டான்னா, அவளுக்கு நட்ட நடுவுல தெரியும். தெரிஞ்சா அங்கிருந்தே கையைக் காலை ஆட்டிச் சொல்லிக் கொடுத்துருவா. அதனால பொய் விரலும் நிறையக் காட்டுவாங்க. எது நிசம், எது பொய்யின்னு ரெண்டே ரெண்டு பேருக்குத்தான் தெரியும். எறியறவளுக்கும் பிடிக்கிறவளுக்கும்.

நான் கேட்டேன். சொல்லமாட்டேன்னா.

எங்கிட்டயே சொல்லமாட்டாளாமா! எனக்குக் கோவம் வருமா வராதா? ஒரு வாரம் போன் எடுக்கலை. "என்மேல நம்பிக்கை இல்லாதவகூட எனக்கென்ன பேச்சு"ன்னு மெசேஜ் மட்டும் போட்டேன். பொறவு அவளே வந்தா. காலேஜுக்கு எதிர்த்தாப்பல பேக்கரி. தண்ணி டம்ளரை அவள்னு வெச்சா, உப்பு பிஸ்கட்டை டயானான்னு வெச்சா. "டயானா எத்தனை விரல் வேணா காட்டுவா. அதெல்லாம் சும்மா. ஒருதரம் மண்ணைத் தொடுவா. தொட்டதுக்கப்பறம் காட்டறதுதான் நிசம். ஒண்ணுன்னா நேர்ப் பந்து, ரெண்டுன்னா வளையும், மூணுன்னா மெதுவா வரும்." சொல்லிப்போட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "இது என்னோடது மட்டும் இல்லை மூர்த்தி, டயானாவோடதும்தான். வெளிய போச்சுன்னா நாங்க ரெண்டு பேரும் ஒழிஞ்சோம்." நான் தொண்டையைத் தொட்டுச் சத்தியம் பண்ணுனேன், எவன்கிட்டயும் சொல்லமாட்டேன்னு.

இன்னிக்கு வரைக்கும் நான் எவன்கிட்டயும் சொல்லலைங்க. பாட்டுலதான் வெச்சேன்.

அது வேற, இது வேற. நீங்களே சொல்லுங்க. பாட்டுன்னா அது பாட்டு. மொதல்ல எழுதுனப்ப இந்த வரியே கிடையாது. நிலா, மழை, ஜன்னல் சீட்டு, எல்லாரும் எழுதற குப்பை. மிக்ஸிங் பண்ற கார்த்தியப்பன், அதா கடைசி சீட்டுல கேமராப் பையோட தூங்கறான் பாருங்க, அவனே கேட்டுட்டுக் கொட்டாவி விட்டான். அப்பத்தான் இந்த வரி உள்ள வந்துச்சு. நான் கூப்புடலை, அதுவா வந்துச்சு. மண்ணு, விரலு, பொய்யி, மெய்யி. கார்த்தியப்பன் எந்திரிச்சு உக்காந்துட்டான். அவகிட்டக் காட்டலாம்னுதான் நினைச்சேன். காட்டியிருந்தா எடுடான்னிருப்பா. அதனால காட்டலை. சர்ப்ரைஸ்.

அந்தப் போட்டியோட கடைசி மேட்ச், திருச்சிப் பக்கம் ஒரு கிரவுண்டுல. தேர்வுக் கமிட்டிக்காரங்க குடையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. ஜெயிச்ச டீம்ல இருந்துதான் எச்சா ஆள் எடுப்பாங்கன்னு பேச்சு. நான் அன்னிக்குக் காலையிலதான் பாட்டை வெளிய விட்டேன். வேணும்னேதான். அவ வாழ்க்கையிலயே பெரிய நாளு, அன்னிக்கு என் பாட்டும் வந்தா எத்தனை பொருத்தம்! ஆனா மேட்ச் அன்னிக்கு ருக்குமணி மேடம் எல்லாப் புள்ளைங்க போனையும் வாங்கித் துணிப்பையில போட்டு முடிச்சுப் போட்டுருவாங்க. அதனால அவளுக்குத் தெரியாது. அவ டீமு அந்தாண்ட புளியமரத்தடியில ஓடிக்கிட்டு இருக்குது. நான் கேலரியில உக்காந்து ப்ளூடூத் ஸ்பீக்கர்ல பாட்டைப் போட்டுவிட்டேன்.

எதிர் டீம் பொண்ணுங்க ரெண்டு பேரு தண்ணி குடிக்க வந்தவங்க அப்படியே நின்னுட்டாங்க. "அண்ணா, சூப்பர்ணா, இன்னொருக்கா போடுங்கண்ணா." போட்டேன். "லிங்க் அனுப்புங்கண்ணா." அனுப்புனேன். கொஞ்ச நேரத்துல டீமே வந்துருச்சு. அவங்க கோச் ஒரு பெரியவர், விசிலைக் கழுத்துல போட்டுக்கிட்டு என் பக்கத்துலயே உக்காந்து, கண்ணை மூடிக் கேட்டார். "தம்பி, இது யாரைப் பத்தி?" நான் கையை நீட்டிக் காட்டுனேன், "அதா, வெள்ளைத் தொப்பி, பிச்சர்." அவர் என் முதுகைத் தட்டி, "ரொம்பத் தெளிவா எழுதிருக்க தம்பி"ன்னார். என் பாட்டைத் தெளிவா இருக்குதுன்னு ஒருத்தர் சொன்னது அதுதான் மொதத்தரம். மனசு குளுந்துபோச்சு.

மேட்ச் ஆரம்பிச்சுச்சு. மொதல்ல நல்லாத்தான் போச்சுங்க. பொறவு எதிர் டீம்காரி ஒருத்தி ரெண்டாவது மூலைக்கு வந்து நின்னா. நின்னு, டயானா கையையே பாத்தா. பாத்துப்போட்டுத் தொப்பியை ஒருதரம் தொட்டா, ரெண்டுதரம் தொட்டா. அவ்வளவுதான். அடிக்கிறவ பந்து கிளம்பறதுக்கு முந்தியே காலை எடுத்து வெச்சுத் தயாரா நிக்கறா. படார். அடுத்தவ, படார். கேலரியில எதிர் டீம் ஆளுங்க எல்லாம் சேந்து பாட ஆரம்பிச்சாங்க பாருங்க, "இரண்டென்றால் வளைந்து வா"ன்னு! கையைத் தட்டிக்கிட்டு! என் பாட்டு, நாலு மணி நேரம்கூட ஆகலை, ஒரு கூட்டமே பாடுது. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க.

அவளும் கேட்டா. கையில பந்தை வெச்சுக்கிட்டு அப்படியே நின்னு கேட்டா. அப்பறம் திரும்பி, அத்தனை கூட்டத்துல என்னை மட்டும் பாத்தா. நான் ரெண்டு கையையும் சேத்து இதயம் மாதிரிக் காட்டுனேன். அவ பாத்த பார்வை இருக்குதே, இன்னும் மறக்கலை. ஆனந்தத்துல பேச்சு வரலைன்னு நினைச்சேன்.

டயானா கூண்டைக் கழட்டிப்போட்டு அவகிட்ட ஓடுனா. மேடம் ஓடுனாங்க. மூணு பேரும் தலையைச் சேத்து என்னமோ பேசுனாங்க. வேற விரல் கணக்கு வெச்சுக்கிட்டாங்கன்னு பின்னாலதான் தெரிஞ்சுது. அவசரத்துல வெச்ச கணக்கு, குழம்பிப்போச்சு. டயானா மெதுவா வரும்னு காத்திருக்கா, இவ வேகமா விட்டுட்டா. டயானா உறை போடாத கையில போய் விழுந்துச்சு. கட்டை விரல் முறிஞ்சு போச்சு. முறிஞ்ச சத்தம் கேலரி வரைக்கும் கேட்டுச்சுன்னு கார்த்தியப்பன் சொல்லுவான், எனக்குக் கேக்கலை, எனக்குப் பாட்டுச் சத்தம்தான் கேட்டுச்சு. அப்பறம் என்ன, தோத்தாங்க.

தோக்கறதும் ஜெயிக்கறதும் ஆட்டத்துல சகஜம்தானுங்களே?

சாயங்காலம் அவங்க வேன் பக்கத்துல போய் நின்னேன். "பாட்டு எப்படி?"ன்னுதான் கேட்டேன். வேற ஒண்ணும் கேக்கலை. டயானா ஐஸ் பையைக் கழட்டி என் மூஞ்சியில வீசுனா. ருக்குமணி மேடம், வாத்தியாரம்மா பேசற பேச்சாங்க அது, "டேய், நீ கால் வெச்ச எடம் வெளங்காதுடா"ன்னாங்க. கோகிலவாணி வேன்ல ஏறிக் கதவைச் சாத்திக்கிட்டா. ஒரு வார்த்தைங்க! நல்லா இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாய் முத்து உதுந்துருமா? எத்தனை பொண்ணுங்களுக்கு ஒரு பாட்டு வாய்க்குது?

ரெண்டு நாள் கழிச்சு வீட்டுக்கு வந்தா. கேட்டுக்கு உள்ள வரலை, வெளியவே நின்னா. கண்ணெல்லாம் வீங்கிக் கெடந்துச்சு. பாட்டை எடுன்னு கேப்பாளோன்னு நான் பயந்துக்கிட்டு இருந்தேன், அப்பத்தான் அது பிச்சுக்கிட்டு ஓட ஆரம்பிச்ச நேரம். அவ அதைக் கேக்கலை. "கமிட்டியில நான் சிக்னலை வித்துட்டேன்னு பேசறாங்க மூர்த்தி. நானே உங்கிட்டக் கொடுத்து எழுத வெச்சேனாமா. நாளைக்கு என்னை விசாரிக்கக் கூப்புட்டிருக்காங்க. நீ வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லிப்போடு. எனக்குத் தெரியாம நீயா எழுதுனதுன்னு. அது போதும். தோத்தாலும் என்னைத் தனியா எடுக்கலாம்னு ஒருத்தர் சொல்லியிருக்காரு. எங்கம்மாவைப் பாத்தீல்ல நீ? நான் கால்ல விழறேன்."

விழவும் செஞ்சா. ரோட்டுல. அக்கம்பக்கம் எல்லாம் பாக்குது, எனக்கு எத்தனை கேவலம்!

நான் நல்லா ரோசனை பண்ணித்தான் பதில் சொன்னேன். "கோகி, நான் அப்படிப் போய்ச் சொன்னா என்ன அர்த்தம்? திருடி எழுதுனேன்னு ஆயிராதா? நாளைக்கு எனக்குச் சென்னையில பேட்டி இருக்குது, மொத பேட்டி"ன்னேன். தன்மையாத்தாங்க சொன்னேன். அவ எந்திரிச்சு முட்டியில இருந்த மண்ணைத் தட்டிக்கிட்டுப் போயிட்டா.

பேட்டியில அந்தப் பொண்ணு கேட்டா, "இந்த வரி எப்படிங்க வந்துச்சு?"ன்னு. நான் பெருமையாச் சொன்னேன், "இது என் காதலி அவ வாயாலயே எனக்குக் கொடுத்த வரி. அவ ஆட்டத்தோட ரகசியத்தையே எனக்குப் பரிசாக் கொடுத்தா"ன்னு. எத்தனை நல்லா இருக்குது பாருங்க? பேட்டி எடுத்தவளே அழுதுட்டா. அவளுக்குத்தானே பெருமை? கமிட்டிக்காரங்க அதைப் பாத்துப்போட்டு, "அவனே சொல்லிட்டானே, அப்பறம் என்ன விசாரணை"ன்னு மூட்டை கட்டிட்டாங்களாமா. மாநில அணியும் இல்லை, நேசனலும் இல்லை, வேலையும் இல்லை. டயானாவுக்கும் இல்லை. அவளுக்கு அந்த விரல் இன்னும் மடங்கறதில்லைங்கறாங்க.

அதுக்கும் நானா? கமிட்டிக்காரங்களுக்கு ரசனை இல்லைன்னா அதுக்கும் நானா?

இருங்க, கண்டக்டர் சில்லறை கேக்கறார். ம்... குடுத்தாச்சு. எங்க விட்டேன்?

ஆங். ஒரு வருசம் அவ எங்க இருக்கான்னே தெரியலை. நம்பரை மாத்திட்டா. நானும் விட்டுட்டேன், எனக்கும் புரோகிராம் மேல புரோகிராம். அப்பறம் உடுமலைப் பக்கம் ஒரு இங்கிலீசு பள்ளிக்கூடத்துல ஆண்டு விழாவுக்குக் கூப்புட்டாங்க. போய் எறங்கறேன், வாசல்ல டிராக் சூட் போட்டுக்கிட்டு, விசிலு மாட்டிக்கிட்டு அவ! கான்ட்ராக்ட்ல பி.டி. டீச்சராம். தாளாளர் சொல்றார், "இந்த மிஸ் வந்ததுக்கப்பறம்தான் சார் பொம்பளப் புள்ளைங்களுக்கு பேஸ்பால் டீமே வந்துச்சு. ஒரே ஒரு பேட்டை வெச்சுக்கிட்டு அடுத்த மாசம் மாவட்டத்துக்குப் போறாங்க. ஜெயிச்சா மிஸ்ஸை நிரந்தரம் பண்ணிருவேன்." அவ என்னைப் பாத்ததும் மொகம் வெளுத்துருச்சு. சந்தோசத்துல சில பேருக்கு அப்படி ஆகும்.

நான் மேடைக்குப் போறதுக்கு முந்தி பக்கத்துல வந்தா. "மூர்த்தி, இங்க யாருக்கும் தெரியாது. இந்தப் புள்ளைங்க என்னை நம்பி இருக்குதுங்க. தயவு பண்ணு. பாடிட்டுப் போயிரு." அவ்வளவுதான் சொன்னா. நானும் சரின்னேன். மனசார சரின்னேன்.

ஆனா மேடையில ஏறி, மைக்கைப் பிடிச்சு, சின்னஞ்சிறுசுக எல்லாம் தரையைத் தொட்டு விரலைக் காட்டி ஆடறதைப் பாத்தப்ப எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போச்சுங்க. கலைஞன் மனசு, அடக்க முடியுமா? "இந்தப் பாட்டோட சொந்தக்காரி இங்கதான் இருக்கா. என் கோகிலவாணி. உங்க கோகிலா மிஸ்!"னு சொல்லிட்டேன். அடேங்கப்பா, பசங்க அடிச்ச விசிலு! பெரிய வகுப்புப் பசங்க எந்திரிச்சு நின்னு, அவளைப் பாத்து மண்ணைத் தொட்டு ஒரு விரலு, ரெண்டு விரலு... பெத்தவங்க எல்லாம் திரும்பித் திரும்பிப் பாக்கறாங்க. தாளாளர் சம்சாரம் மொகம் மட்டும் ஒரு மாதிரி ஆச்சு. கோகி சுவத்துல சாஞ்சு நின்னுக்கிட்டு இருந்தா. மேடைக்கு வரச்சொன்னேன், வரலை.

மறுவாரம் நிறுத்திட்டாங்களாம். "பொம்பளப் புள்ளைங்க படிக்கிற எடம், லவ்வு பாட்டு மிஸ்ஸெல்லாம் நமக்கு ஆகாது"ன்னு சொல்லிட்டாங்களாம். புள்ளைங்க மாவட்டத்துக்கும் போகலை. டயானா போன் பண்ணி வாய்க்கு வந்தபடி திட்டுனா. சாபம் விட்டா. நான் கேட்டேன், "ஏம்மா, பள்ளிக்கூடம் நடத்தறவனுக்குப் பெருந்தன்மை இல்லை, அதுக்கும் நானா?" வெச்சுட்டா.

இப்பச் சொல்லுங்க, ஏமாந்தவன் யாரு? ஊருக்கே தெரியற மாதிரி காதலிச்சேன். என்னை விட்டுட்டுப் போனது அவ. ஒரு பாட்டுக்கப்பறம் எனக்கு வேற பாட்டே ஓடலைங்க. மூணு போட்டேன், மூணும் மண்ணு. கேக்கறவன் எல்லாம் "அந்தப் பொண்ணு என்ன ஆச்சு ப்ரோ?"ன்னுதான் கேக்கறான். ரெண்டாம் பாகம் போடுங்க, காசு நாங்க போடறோம்னு சென்னையில ஒரு பார்ட்டி வந்திருக்குது. அதுக்குத்தான் இந்தப் பயணம். அவ தாராபுரத்துல ஒரு பனியன் கம்பெனியில பேக்கிங்ல இருக்காளாமா. அம்மாவும் இப்ப அவகூடத்தானாம், படுத்த படுக்கையா. தேடிக் கண்டுபிடிக்கக் கொஞ்சமா பட்டேன்! டயானாவுக்கு இப்பக் கல்யாணமாயிருச்சு, அவ வீட்டுக்காரர் வெள்ளந்தி, அவர்கிட்டப் பேச்சுக் கொடுத்து வாங்குனேன்.

அந்தப் பள்ளிக்கூடத்துல இருந்து கிளம்பறப்ப அவ கார் கண்ணாடிகிட்ட வந்தா, அதைச் சொல்ல மறந்துட்டேனே. அழுகலை, கத்தலை. குனிஞ்சு, என் கண்ணைப் பாத்துச் சொன்னா. "இனிமே என்னைப் பாட்டுல வெக்காதே, உனக்குப் புண்ணியமாப் போகும்."

அதுதானுங்க புதுப் பாட்டோட பல்லவி. ஒரு எழுத்து மாத்தலை. மெட்டுல அப்படியே போய் உக்காருது, பாடிக் காட்டட்டுமா? கேளுங்க. "இனிமே என்னைப் பாட்டுல வெக்காதே..." இங்க ஒரு புல்லாங்குழல் வரும்... "உனக்குப் புண்ணியமாப் போகும்..." எப்படி? உலுக்குதுங்களா? சாயங்காலம் ஷிப்ட் விடற நேரத்துக்கு கம்பெனி கேட்டுல நின்னு பாடப் போறேன். அத்தனை பொம்பளைங்களோட சேந்து அவ வெளிய வர்றதைக் கார்த்தியப்பன் அப்படியே எடுக்கோணும். அழுதான்னா இன்னும் நல்லது. ஓடுனாலும் நல்லதுதான், அவ ஓட்டம் பாக்க அழகா இருக்கும். கூட்டம் கொஞ்சம் இருந்தா வீடியோ எடுபடும். நீங்களும் வாங்களேன், அரை மணி நேர சோலிதான்.

ஏனுங்ணா, எந்திரிச்சுட்டீங்க? தாராபுரம் இன்னும் வரலைங்களே. குண்டடமே இப்பத்தான் தாண்டுது. முன்னால சீட்டு ஒண்ணும் காலி இல்லைங்க, நின்னுக்கிட்டுத்தான் போகோணும்.